எட்டு சிலிண்டருக்கு ஒரு பொட்டு

எங்கள் வீட்டில் இரண்டு இட்லிப் பாத்திரங்கள் இருந்தன. ஒன்றில் இட்லி வேகும். இன்னொன்றின் தட்டுகளில் கார் என்ஜினின் வால்வுகள் உட்கார்ந்திருக்கும். எட்டு சிலிண்டர் என்ஜினில் சிலிண்டருக்கு இரண்டு வீதம் பதினாறு வால்வு. கழற்றியதை அதனதன் இடத்திலேயே திரும்ப மாட்ட வேண்டும், இடம் மாறினால் ஒழுங்காக மூடாது. நான்கு தட்டு, தட்டுக்கு நான்கு குழி. இதைவிடப் பொருத்தமான சாமான் டெக்சஸ் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது என்று அம்மா சொல்லுவாள். வீட்டுக்கு வந்த ஒரு ஆன்ட்டி அவசரத்துக்கு உதவுகிறேன் என்று அந்த இரண்டாவது பாத்திரத்தைத் திறந்து பார்த்துவிட்டு, அதன்பின் எங்கள் வீட்டில் காபியோடு நிறுத்திக்கொண்டார்.

கார் எந்தக் கம்பெனி என்று சொல்ல மாட்டேன். சொன்னால் போட்டிக் கம்பெனியின் ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள், அவர்களுக்குப் பதில் எழுத எனக்கு நேரமில்லை. அறுபதுகளின் கடைசியில் செய்த மசில் கார். இரண்டே கதவு, நீளமான முன்பக்கம், குட்டையான பின்பக்கம். கிளப்பினால் தெருவில் இருக்கும் நாய்கள் எல்லாம் எழுந்து நின்றுவிடும். இதெல்லாம் பின்னால். எங்கள் வீட்டுக்கு வந்த நாளில் அது கிளம்பவும் இல்லை, நாய்கள் அதை மதிக்கவும் இல்லை. இழுவை வண்டியின் முதுகில் ஏறி வந்தது. பின் சீட்டுக்குள் எலி ஒன்று குடும்பம் நடத்திவிட்டுக் காலிசெய்து போயிருந்தது.

வாங்கியவர் அப்பா. டாலஸில் ஓர் அலுவலகத்தில் சாஃப்ட்வேர் வேலை. திங்கட்கிழமை காலைகளில் அங்கே எல்லோரும் கார் பேசுவார்களாம், அப்பா மட்டும் காபிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு நிற்பாராம். அந்தக் கவலையில் இருந்தவரிடம், ஓய்வு பெற்று வேறு ஊருக்குப் போகும் ஒருவர் தன் வீட்டுக் கொட்டகையில் இருபது வருடமாகத் தூங்கும் வண்டியைத் தள்ளிவிட்டார். கொத்தமல்லி வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போன அப்பா, காரோடு வந்தார். கொத்தமல்லியை மறந்துவிட்டார். அம்மாவுக்கு எது அதிகக் கோபம் என்று இன்றுவரை எங்களால் தீர்மானிக்க முடியவில்லை.

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். அவருக்கு டயர் மாற்றத் தெரியாது. ஸ்க்ரூவை எந்தப் பக்கம் திருகினால் கழலும் என்பதே அவருக்கு ஒவ்வொரு முறையும் புதுச் செய்தி. ஆசை மட்டும் எட்டு சிலிண்டர் அளவுக்கு இருந்தது. சனிக்கிழமை முழுக்க கராஜில் காரைச் சுற்றி நடப்பார். மூடியைத் திறப்பார், உள்ளே பார்த்துப் பெருமூச்சு விடுவார், மூடுவார்.

இரண்டு நாள் அம்மா அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவர் அலுவலகம் போனதும், சும்மா பார்க்கலாமே என்று என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு கராஜுக்குப் போனாளாம். சாயங்காலம் அப்பா வந்தபோது, கார்புரேட்டர் கழற்றப்பட்டு, கழுவப்பட்டு, செய்தித்தாள் மேல் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தது. அன்றைக்குச் சமையல் இல்லை. பீட்சாவோடு சமாதானம் ஆயிற்று.

அம்மா கோயம்புத்தூரில் மெக்கானிகல் என்ஜினியரிங் படித்தவள். பீளமேட்டில் ஒரு மோட்டார் பம்ப் தொழிற்சாலையில் நான்கு வருடம் வேலை பார்த்திருக்கிறாள். ஓடும் பம்பின் மேல் கையை வைத்து, உள்ளே எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லுவாளாம். கல்யாணமாகி டெக்சஸுக்கு வந்தபோது, பெட்டியில் சேலைகளுக்கு நடுவே ஒரு ஸ்பேனர் செட்டைக் கொண்டுவந்திருக்கிறாள். பெட்டி கனக்கிறதே என்று விமான நிலையத்தில் கேட்ட மாமியார் வீட்டாரிடம் அது குக்கர் என்று சொன்னதாக அப்பா சொல்லிச் சிரிப்பார்.

அவளுக்கு அப்போது இருந்தது அப்பாவை ஒட்டிய விசா. அந்த விசாவில் இந்த நாட்டில் வாழலாம், கடைக்குப் போகலாம், பிள்ளை பெறலாம். வேலைக்கு மட்டும் போகக் கூடாது. சொந்த வீட்டு கராஜில் சொந்தக் காரைப் பழுது பார்ப்பது வேலை இல்லை என்று எந்த வக்கீலும் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பார். அப்பாவும் சொல்லிப் பார்த்தார். ஆனால் கோயில் சாப்பாட்டு வரிசையில் யாரோ ஒரு ஆன்ட்டி, யாருடைய தங்கையோ இப்படித்தான் வீட்டில் கேக் செய்து கொடுத்து வம்பில் மாட்டிக்கொண்டாள் என்று சொல்லியிருந்தார். கேக்குக்கே அப்படி என்றால் என்ஜினுக்கு எப்படி என்று அம்மா கணக்குப் போட்டுவிட்டாள்.

"கிரீன் கார்டு கைக்கு வர்ற வரைக்கும் நமக்கு எதுக்குங்க வம்பு? யாரு கேட்டாலும் நீங்கதான் பண்றீங்கன்னு சொல்லிப் போடுங்க."

அப்படித்தான் எங்கள் வீட்டில் அந்தச் சட்டம் வந்தது. காரைச் சரிசெய்வது அப்பா. அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. யார் கேட்டாலும் இதுதான் பதில்.

எனக்கு அது புரிந்த விதம் கொஞ்சம் வேறு மாதிரி. அம்மா கையில் ஸ்பேனரோடு இருப்பதைப் போலீஸ் பார்த்துவிட்டால், அப்படியே விமானத்தில் ஏற்றிக் கோயம்புத்தூருக்கு அனுப்பிவிடும். நான் அப்பாவோடு இங்கேயே இருந்து, அப்பா வைக்கும் ரசத்தைச் சாப்பிட வேண்டியிருக்கும். இது விளையாட்டு விஷயமில்லை. ஆகவே பாதுகாப்புப் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். கராஜ் கதவின் ரிமோட் என் கையில்தான் இருக்கும். தபால்காரரின் வண்டி தெரு முனையில் திரும்பினாலே பொத்தானை அழுத்திவிடுவேன். கதவு கடகடவென்று இறங்கும். காருக்கு அடியில் படுத்திருக்கும் அம்மா, "மறுபடியும் இருட்டாக்கிட்டயா கண்ணு?" என்பாள். ஒருமுறை நான் கதவை இறக்கியது எதிர்வீட்டுப் பூனைக்காக. அதற்கும் அம்மா திட்டவில்லை.

அப்பா தன் வேஷத்தை ரசித்துச் செய்தார் என்றுதான் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிகள் வருவதற்குப் பத்து நிமிடம் முன்னால் கராஜுக்குப் போய், கிரீஸ் டப்பாவில் இரண்டு கையையும் முக்கி எடுப்பார். மூக்கில் ஒரு தீற்று. அதே நேரத்தில் அம்மா சமையலறையில் சர்க்கரையும் பாத்திரம் கழுவும் சோப்பும் போட்டு முழங்கை வரை தேய்த்துக்கொண்டிருப்பாள். அங்கிள்கள் வந்து காரைச் சுற்றி நின்று வியப்பார்கள். முந்தின நாள் இரவுச் சாப்பாட்டில் அம்மா சொல்லிக் கொடுத்ததை அப்பா அட்சரம் பிசகாமல் ஒப்பிப்பார். யாராவது கூடுதலாக ஒரு கேள்வி கேட்டுவிட்டால், "வாங்க, பிரியாணி ஆறிடும்" என்று உள்ளே கூட்டிவந்துவிடுவார். ஒரு ஆன்ட்டி அம்மாவிடம், இவர் எப்போதும் கராஜிலேயே கிடந்தால் உங்களுக்கு போர் அடிக்காதா என்று கேட்டார். அம்மா, பழகிப் போச்சுங்க என்று தயிர்ப்பச்சடியை நகர்த்தினாள். மேஜைக்கு அடியில் அவளுடைய கால் என் காலை இடித்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தால் அப்படித்தான் செய்வாள்.

இப்படி மூன்று வருடம் ஓடியது. துருவைச் சுரண்டினாள். பிரேக் குழாய்களை வளைத்துப் பொருத்தினாள். என்ஜினைச் சங்கிலிபோட்டுத் தூக்கி இறக்கினாள். பாகங்கள் தபாலில் வந்துகொண்டே இருந்தன, எனக்கு அட்டைப்பெட்டி வீடுகளுக்குக் குறைவே இல்லை. பெயின்ட் மட்டும் வெளியே அடித்தார்கள். சிவப்பு வேண்டும் என்றார் அப்பா. பொன்வண்டுப் பச்சை வேண்டும் என்றாள் அம்மா. பொன்வண்டுப் பச்சைதான் அடிக்கப்பட்டது.

முதன்முதலாக என்ஜின் கிளம்பிய நாள் நன்றாக நினைவிருக்கிறது. கராஜ் கதவு மூடியிருந்தால் புகை நிற்கும் என்பதால் திறந்து வைக்க வேண்டியிருந்தது. அதனால் சாவி அப்பா கையில். அம்மா துணி மடிப்பதுபோல ஓரமாக நின்றாள். என்ஜின் ஒருமுறை இருமி, இரண்டுமுறை இருமி, பிறகு கர்ஜித்தது. அலமாரியில் இருந்த பெயின்ட் டப்பாக்கள் நடனமாடின. அப்பா ஹாரனை அடித்தார். அம்மா மடித்த துணிகளையெல்லாம் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அக்கம்பக்கத்தார் வந்து அப்பாவின் கையைக் குலுக்கினார்கள். கிரீஸ் இல்லாத கை. யாரும் கவனிக்கவில்லை.

அந்த அக்டோபரில் பக்கத்து ஊரில் பழைய கார்க் கண்காட்சி வந்தது. அப்பா தன் பெயரில் பதிவு செய்துவிட்டார். கண்காட்சி ஞாயிறு. முந்தின நாள் எங்கள் வீட்டில் ஆயுத பூஜை. நான் ஒன்றாம் வகுப்பு, பொட்டு வைக்கும் பொறுப்பு என்னுடையது. சந்தனத்தை வைத்து அதன் நடுவில் குங்குமம் வைக்க வேண்டும், எதையும் விடக் கூடாது என்பது அம்மாவின் உத்தரவு. ஸ்பேனர்களுக்கு வைத்தேன். ஜாக்கிக்கு வைத்தேன். அப்பாவின் லேப்டாப்புக்கு வைத்தேன். காருக்கு முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, ஸ்டியரிங்கில் ஒன்று, சக்கரத்துக்கு ஒவ்வொன்று. நான்கு சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து அப்பா நசுக்கினார். அம்மாவுக்கு அவ்வளவு திருப்தி. நான் மீதிச் சந்தனத்தை ஒரு சின்ன டப்பாவில் போட்டு, குங்குமத்தோடு என் பள்ளிக்கூடப் பையில் வைத்துக்கொண்டேன். ஏதாவது விட்டுப்போயிருந்தால் என்ற கவலை எனக்கு அப்போதே உண்டு.

மறுநாள் காலை ஏழு மணிக்கே மைதானத்தில் இருந்தோம். அப்பா ஓட்டிவந்தார். வழியில் என்ஜின் இரண்டு மூன்று முறை தடுக்கியது. பண்டிகைக்கு மறுநாள் என்பதால் அம்மா பட்டுச்சேலையில் இருந்தாள். இன்னும் கூட்டம் வரவில்லை, சுற்றிலும் யாரும் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு முன்மூடியைத் திறந்தாள். என்ஜினில் டிஸ்ட்ரிபியூட்டர் என்று ஓர் உருண்டை டப்பா உண்டு. எட்டு சிலிண்டருக்கும் முறைவைத்து நெருப்புப் பொறியைப் பங்கிட்டுக் கொடுப்பது அதுதான். அதன் உள்ளே பாயின்ட் என்று பொட்டளவு இரண்டு உலோகத் துண்டுகள். அவை ஒன்றையொன்று தொட்டுத் தொட்டு விலகினால்தான் பொறி வரும். அம்மா மூடியைக் கழற்றி, பாயின்ட்டை அரம் வைத்து லேசாகத் தேய்த்து, சரி என்று தலையாட்டினாள். அப்பாவிடம் மூடியை மாட்டச் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனாள். அப்பா மூடியைத் தேடுவதற்குள் அலுவலக நண்பர் ஒருவரிடமிருந்து போன் வந்துவிட்டது.

நான் எட்டிப் பார்த்தேன். உள்ளே பளபளவென்று சின்னதாக ஒரு சாமான். அதற்கு நேற்று பொட்டு வைக்கவில்லை. இதுதான் எல்லாவற்றுக்கும் நெருப்பு கொடுப்பது என்று அம்மா அடிக்கடி சொல்லுவதை நான் கேட்டிருக்கிறேன். அதற்கே வைக்காமல் சக்கரத்துக்கு வைத்து என்ன பிரயோசனம்? பம்பர் மேல் ஏறி நின்று, நாக்கைக் கடித்துக்கொண்டு, சுண்டுவிரலால் சந்தனம் வைத்தேன். அதன் நடுவில் குங்குமம். என் வாழ்க்கையில் அவ்வளவு உருண்டையான பொட்டை நான் அதற்கு முன்னும் வைத்ததில்லை, பின்னும் வைத்ததில்லை. அப்பா போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு வந்து மூடியை அழுத்தி மாட்டினார். அவருக்குச் செய்யத் தெரிந்த ஒரே வேலை அது. அதை அன்று நன்றாகச் செய்துவிட்டார்.

பத்து மணிக்குக் கூட்டம் வந்துவிட்டது. எங்கள் பச்சைக் காரைச் சுற்றித்தான் ஆட்கள் அதிகம். மதிப்பெண் போடுபவர் வந்தார். பெரிய தொப்பை, வெள்ளை மீசை, சட்டைப்பையில் நட்சத்திரம் தைத்திருந்தது. அப்பா அம்மா சொல்லிக்கொடுத்ததை எல்லாம் ஒப்பித்தார். அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டுவிட்டு, ஸ்டார்ட் பண்ணுங்கள் பார்க்கலாம் என்றார். அப்பா உள்ளே உட்கார்ந்து, கூட்டத்தைப் பார்த்துச் சிரித்து, சாவியைத் திருகினார்.

என்ஜின் சுற்றியது. கிளம்பவில்லை. இன்னொரு முறை. இன்னொரு முறை. அப்பாவின் சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது.

அம்மா பத்தடி தள்ளி மடக்கு நாற்காலியில் புளியோதரை டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எழுந்து வரவில்லை. இன்னும் கொஞ்சம் சாதம் வேணுமா என்று கேட்பதுபோல, இனிமையான குரலில் தமிழில் சொன்னாள்.

"ஏனுங்க, பெட்ரோல் வாசம் வருதா?"

"வருது, வருது."

"அப்ப பெட்ரோல் இல்ல பிரச்சனை. டிஸ்ட்ரிபியூட்டருக்கு நடுவால வர்ற வயரைப் புடுங்கி, கார் பாடிகிட்ட காட்டுங்க. பொறி வருதான்னு பாப்போம். சிரிச்சுட்டே பண்ணுங்க."

அப்பா சிரித்துக்கொண்டே வேறொரு வயரைப் பிடுங்கினார்.

"அது ஹாரனுங்க."

கூட்டம் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தது. அப்பா கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு சரியான வயரைப் பிடித்தார். பக்கத்தில் நின்ற ஒருவர் உள்ளே கைவிட்டுச் சாவியைத் திருகினார். ஷாக் அடிக்குமோ என்ற பயத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பொறி வந்ததா இல்லையா என்று பார்க்க வேண்டியவர் பார்க்கவில்லை. இந்த அம்மணி என்ன சொல்லுகிறார் என்று மதிப்பெண்காரர் கேட்டார். பசிக்கிறதாம் என்று அப்பா சொன்னார். அடுத்த காருக்குப் போகலாம் என்று யாரோ சொல்ல, மதிப்பெண்காரர் தன் தாளில் ஏதோ எழுதப் பேனாவை எடுத்தார்.

அம்மா புளியோதரை டப்பாவை என்னிடம் கொடுத்தாள். எழுந்தாள். பட்டுச்சேலை முந்தானையை இழுத்து இடுப்பில் சொருகினாள். எனக்கு உயிரே போய்விட்டது. ரிமோட் இருந்தால் அந்த மைதானத்தையே மூடியிருப்பேன்.

அதன்பின் அவள் யாரையும் பார்க்கவில்லை. வயரை வாங்கிப் பிடித்தாள், அப்பா சாவியைத் திருகினார், பொறி இல்லை. கையை நீட்டினாள். அப்பா ஸ்க்ரூடிரைவரை வைத்தார். மூன்று வருடத்தில் முதல்முறையாகச் சரியான சாமானைக் கொடுத்தார். மூடி கழன்றது. உள்ளே என் பொட்டு. அம்மா அதையே ஒரு நொடி பார்த்தாள். பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். நான் புளியோதரை டப்பாவைத் திறந்து ஒரு வாய் போட்டுக்கொண்டேன்.

அவள் தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். அடக்க முடியாமல் பம்பரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு மதிப்பெண்காரரிடம், கெட்டியாக ஒரு காகிதம் கிடைக்குமா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அவர் சட்டைப்பையிலிருந்து தன்னுடைய விசிட்டிங் கார்டை எடுத்துக் கொடுத்தார். அவள் அதைப் பாயின்ட்டுகளுக்கு நடுவே விட்டு, மெல்ல இழுத்தாள். சந்தனமும் குங்குமமும் அட்டையில் வந்தன. திருப்பி, இன்னொரு இழுப்பு. அவர் மீசையைத் தடவிக்கொண்டு அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். மூடியையும் வயரையும் மாட்டினாள். அப்பாவை நகரச் சொல்லிவிட்டு அவளே உட்கார்ந்து சாவியைத் திருகினாள்.

பொன்வண்டு கர்ஜித்தது. பக்கத்தில் நின்ற ஒருவரின் தொப்பி பறந்தது. அது காற்றினால் என்று அப்பா சொல்லுவார், நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எல்லோரும் கைதட்டினார்கள். போனில் படம் எடுத்தார்கள். அம்மா ஆக்ஸிலரேட்டரை மிதித்தாள், விட்டாள், மிதித்தாள். தேவையே இல்லை. ஆசைக்கு மிதித்தாள்.

சத்தம் அடங்கியதும் மதிப்பெண்காரர் கேட்டார், இந்தக் காரில் வேலை செய்தது யார் என்று. வேலை என்ற சொல் காதில் விழுந்ததுமே நான் முந்திக்கொண்டேன்.

"மை டாட்!"

விரலெல்லாம் கறுப்பாக நின்ற அம்மாவைப் பார்த்துவிட்டு, கூட்டம் இடி இடித்ததுபோல் சிரித்தது. அப்பாவும் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, மைதானத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி, இதில் ஒரு ஸ்க்ரூகூட நான் திருகியதில்லை, எல்லாம் இவள்தான் என்று ஆங்கிலத்தில் சொன்னார். எனக்கு அப்பா மேல் அவ்வளவு கோபம் வந்ததே இல்லை. மூன்று வருடம் கட்டிக்காத்த ரகசியத்தை இப்படிப் போட்டு உடைத்துவிட்டாரே. அம்மாவைப் பார்த்தேன். அவள் பயந்ததாகத் தெரியவில்லை. விளக்கு போட்டதுபோல் இருந்தாள்.

மதிப்பெண்காரர் அம்மாவோடு வெகுநேரம் பேசினார். அவள் பதில் சொல்லச் சொல்லக் குனிந்து கேட்டுக்கொண்டார். கடைசியில், அந்த அட்டையையே அவளிடமிருந்து திரும்ப வாங்கி, பின்பக்கம் பேனாவால் எழுதிக் கொடுத்தார். அவர் பழைய கார்களைப் புதுப்பிக்கும் பட்டறை ஒன்று வைத்திருந்தார் என்பதும், சட்டையில் இருந்த நட்சத்திரம் அதன் சின்னம் என்பதும், திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வந்தால் அன்றைக்கே வேலை, நாற்பது வருடத்தில் இப்படிக் கையைப் பார்த்ததில்லை என்று சொன்னார் என்பதும் பல வருடம் கழித்து அப்பா சொல்லித்தான் எனக்குத் தெரியும். எங்களுக்குப் பரிசு கிடைக்கவில்லை. கிளம்பாத காருக்கு மதிப்பெண் குறைத்தாக வேண்டுமே.

திரும்பும்போது அம்மா ஓட்டினாள். ஆட்கள் பார்க்க அவள் அதை ஓட்டியது அதுதான் முதல்முறை. ஃப்ரீவேயில் கண்ணாடிகளை எல்லாம் இறக்கிவிட்டாள். பட்டு முந்தானை அப்பாவின் முகத்தில் அடித்துக்கொண்டே இருந்தது, அவர் விலக்கவில்லை. பக்கத்தில் ஒரு போலீஸ் கார் வந்தது. நான் சீட்டுக்கு அடியில் போய்விட்டேன். போலீஸ்காரர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனதாக அப்பா சொன்னார். எனக்கு இன்னும் பயமாகிவிட்டது. ஆளை அடையாளம் பார்த்துவிட்டுப் போகிறார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அந்த அட்டையைச் சாமி அலமாரியில் வைத்தாள். குளிக்கப் போனாள். நான் ஸ்டூல் போட்டு ஏறி எடுத்துப் பார்த்தேன். அட்டையின் நடுவே ஒரு நட்சத்திரம். அசல் போலீஸ் நட்சத்திரம். அதன் மேல் என் சந்தனமும் குங்குமமும் இழுபட்டிருந்தன. பின்பக்கம் கையெழுத்தில் ஒரு வார்த்தை. கிழமைகளின் எழுத்துக்கூட்டல் அந்த வாரம்தான் பள்ளிக்கூடத்தில் படித்திருந்தோம். மண்டே. பக்கத்தில் எட்டு.

விஷயம் தெளிவாகிவிட்டது. வேலை செய்ததைப் பார்த்துவிட்டார்கள். திங்கட்கிழமை எட்டு மணிக்கு வந்து அம்மாவைக் கூட்டிப்போகப் போகிறார்கள். எல்லாம் நான் வைத்த பொட்டால் வந்தது.

அப்பாவின் அறையில் காகிதத்தைப் பொடியாக்கும் இயந்திரம் இருந்தது. விசா சம்பந்தப்பட்ட நகல்களை எல்லாம் அவர் அதில்தான் போடுவார். வேண்டாத தபால்களைப் போட எனக்கும் அனுமதி உண்டு. அட்டையை அதன் வாயில் வைத்தேன். அது கெட்டியாக இருந்ததால் கொஞ்சம் முனகியது. பிறகு விழுங்கிவிட்டது. நூல் நூலாக வெள்ளை, நடுநடுவே மஞ்சளும் சிவப்பும்.

திங்கட்கிழமை எட்டு மணி வந்தது, போயிற்று. யாரும் வரவில்லை. நான் ஜன்னலருகில் நின்று உறுதிசெய்துகொண்டுதான் பள்ளிக்கூட பஸ் ஏறினேன். சாயங்காலம் வந்தபோது அம்மா சாமி அலமாரியைக் காலிசெய்து துடைத்துக்கொண்டிருந்தாள். செவ்வாய்க்கிழமை கைப்பையைக் கொட்டிப் பார்த்தாள். புதன்கிழமை அரிசி டப்பாவுக்குப் பின்னால். அப்பா கேட்டார்.

"நீ போக முடியாதுன்னு உனக்கே தெரியும். அந்தக் கார்டை வெச்சு என்ன பண்ணப் போறே?"

"போகலீங்க. சும்மா, கண்ணு முன்னால இருக்கட்டும்னுதான்."

பின்னால் அவளுக்கு அனுமதி வந்தது, வேலைக்கும் போனாள், இப்போது அவளுக்குக் கீழே நான்கு பேர் இருக்கிறார்கள். அந்த அட்டையைப் பற்றி மட்டும் நான் இதுவரை வாய் திறக்கவில்லை. இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும். போக முடியாத இடத்துக்கு வந்த அழைப்பை ஒருத்தி ஒரு வாரம் ஏன் தேடுவாள் என்று ஆறு வயதில் யாருக்குத்தான் புரியும்? எனக்குப் புரிந்ததெல்லாம், அது கிடைத்துவிடக் கூடாது என்பதுதான். அதனால் நானும் கூடவே தேடினேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் சோபாவை நகர்த்தியபோது, நான் அடியில் ஊர்ந்து போய், ஒவ்வொரு மூலையாகப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, தலையெல்லாம் தூசியாக வெளியே வந்து, நாட் ஹியர் அம்மா என்றேன். அம்மா என்னைத் தூக்கி மடியில் வைத்துத் தலையைத் தட்டிவிட்டாள். "நீயாவது எங்கூடத் தேடறியே, தங்கம்" என்று இறுக்கிக் கட்டிக்கொண்டாள். அம்மாவைக் காப்பாற்றிவிட்ட சந்தோஷத்தில் நானும் அவளைக் கட்டிக்கொண்டேன்.